மேடையில் வாசிக்க ஒரு கடிதம்

“நாளைக்கு உங்க பொண்ணு மேடையில வாசிக்க வேண்டிய கடிதம் சார் இது. மெஷின் எழுதினதுன்னு பார்த்தாலே தெரியுது,” என்று டீச்சர் தாளை நீட்டினார்.

அப்பா அதைக் கையில்கூட வாங்கவில்லை. ஆபீஸ் வேலையைப் பாதியில் விட்டு வந்த எரிச்சலில் மகள் பக்கம் திரும்பினார்.

“பத்து வயசுலயே ஏமாத்து வேலையா? மனசுல இருக்கிறதை நாலு வரி சொந்தமா எழுத வக்கில்லை! கழுத்துக்கு மேல தலை எதுக்கு, தொப்பி மாட்டவா?”

மகள் தன் ஷூ நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவளைத் திட்டாதீங்க சார். பிள்ளைக்கு அப்பா எழுதுற கடிதம்தான் கேட்டிருந்தோம். இது நீங்க அனுப்பினது.”

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். ‘என் அன்பு மகனே’ என்று தொடங்கியிருந்தது.

“நான் பொண்ணுன்னாவது அதுகிட்ட சொல்லியிருக்கலாம்ப்பா,” என்றாள் மகள்.