எருமைக்கும் சுவருக்கும் நடுவே

கடைசிப் பேருந்து வருவதற்குள் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமென்று தங்கை வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்த பட்டணத்து அண்ணன், எருமைக்கும் சுவருக்கும் நடுவே சுவரொட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறார். உலகத்து எருமைகளையெல்லாம் பிசைந்து ஒன்றாக உருட்டிவைத்த உடம்பு அது. சாவகாசமாக அசைபோட்டபடி அவர்மேல் சாய்கிறது. கூரை ஓட்டையில் இறங்கும் மாலை வெயிலில் அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் மினுங்குகிறது. "கொஞ்சம் நகருங்களேன், ப்ளீஸ்" என்று எருமையிடம் கெஞ்சுகிறார். பால்வாளியோடு வாசலில் நிற்கும் தங்கைக்குச் சிரிப்பில் கண்ணீரே வருகிறது. "எருமைக்கு எதுக்குண்ணே மரியாதை? அதட்டுண்ணே!" தெருமுனையில் பேருந்து ஊரே அதிர ஒலியெழுப்புகிறது. அண்ணன் ஏழு தலைமுறை வீரத்தையும் தொண்டைக்குள் திரட்டி, "ஏய், தள்ளு!" என்று கத்துகிறார். எருமை சொல் தட்டவில்லை. அவரை இன்னும் நன்றாகத் தள்ளுகிறது. பேருந்துச் சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது.