வேட்டித் துணியில் சுருண்ட கூந்தல்

ஜன்னல் வழியே வரும் காலை வெயிலில் கனிமொழி அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். போன விசேஷத்தில் கர்லிங் மெஷின் காதோர முடியைப் பொசுக்கிவிட்டது. அதனால் நேற்று அவளுடைய ஈரக் கூந்தலைப் பழைய வேட்டித் துணியில் சுருட்டிக் கட்டிவிட்டவன் கணவன் அன்பரசன். இன்று திருக்கடையூரில் அவள் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். சுருள் நிற்காவிட்டால் மறுபடி செய்ய நேரமில்லை.

“ஏங்க, இவ்ளோ இறுக்கமாவா கட்டுவாங்க? என் தலை என்ன நாத்துக் கட்டா?”

“வயல்ல நாத்துக் கட்டுற கைதானே இது. ஒரே இழுப்புல அவுந்துரும், பாரு.”

அவன் இழுக்கிறான். துணி நழுவ, ஒரு சுருள் துள்ளி இறங்கி அவள் தோளில் நிற்கிறது. தேங்காயெண்ணெய் மணக்கிறது. அவள் தலையை ஆட்டிப் பார்க்கிறாள். சுருள் கலையவில்லை.

“மிச்சத்த மெதுவாவே அவுத்து விடுங்க” என்று கண்ணை மூடி அவன்மேல் சாய்ந்துகொள்கிறாள்.