செல்லக்கனியின் முதல் நடை

ஓட்டுநரின் கை பட்டதும் ஸ்டியரிங் உடம்பைச் சோதிக்கும்; சரியாக இருந்தால்தான் பேருந்து கிளம்பும். உடல் கொழுப்பு சுரக்கும் ஹார்மோன் ரத்த அழுத்தத்தை ஏற்றியிருந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். மூன்று மாதமாக ஓட்டுநர் செல்லக்கனிக்கு அது பூட்டியே கிடந்தது. மருந்தையும் நடையையும் அவள் விடவில்லை. இன்றும் பூட்டினால் அவளை அலுவலக மேசைக்கு மாற்றிவிடுவார்கள்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்த நடத்துநர் இசக்கி சிரித்தான். "மைனி, உடம்பு அப்படியேதான இருக்கு? பழத்த எடுத்துரட்டா?"

"உடம்பு இருந்துட்டுப் போட்டும்ல. அது உள்ள போட்ட ஆட்டத்தல்லா அடக்கியிருக்கேன்!"

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டாள். பச்சை விளக்கு எரிந்தது; பூட்டு திறந்தது.

இசக்கி வாயைத் திறக்குமுன் அவளே கூவினாள்:

"தென்காசி போறவுகள்லாம் ஏறுங்க! இன்னைக்கு வண்டிய ஓட்டுறது செல்லக்கனி!"

எலுமிச்சம்பழம் நசுங்கியது.