மூன்று கிண்ணக் கறி

போலந்தின் லூப்லின் நகரக் கோழி ஆராய்ச்சிக் கூடத்தில் போகுமிலா மூன்று கிண்ணத்துக் கறியையும் மென்று பார்த்தாள். தவறாகச் சொன்னால் ருசி பார்க்கும் வேலை போய்விடும். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"முதலாவது கொட்டகைக் கோழி, பஞ்சு மாதிரி இருக்கு. ரெண்டாவது அதே ஜாதிதான், ஆனா வெளியே விட்டு வளர்த்தது, கொஞ்சம் நாரு தட்டுது. மூணாவது நம்ம பச்சைக்கால் நாட்டுக்கோழி. தோட்டத்துல ஓடின கால், தாடையே வலிக்குது."

"மூணும் சரி. உங்க நாக்கை இன்ஷூர் பண்ணி வைக்கணும், மேடம்," என்றார் இயக்குநர்.

அவள் களைப்போடு சிரித்தாள்.

வீட்டில் அவள் வைத்த சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கணவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இன்னைக்கும் உப்புக் கரிக்குது. காய்ச்சல்ல போன நாக்கு ருசி திரும்பவே இல்லைன்னு உங்க இயக்குநர்கிட்ட எப்பத்தான் சொல்லப்போறே?"

அவள் நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு இருக்கிறவரைக்கும் எதுக்குச் சொல்லணும்?"