நிறங்களுக்கு ஒரு வாக்கெடுப்பு

செயற்கைக் கண்களை இயக்கும் இலவச மென்பொருளில், நிறங்களைக் காட்டும் பகுதியை எழுதியவர் இரண்டாண்டுகளாகப் பதில் அனுப்பவில்லை. அது பழுதானால் பார்வையே நின்றுவிடும்; சரிசெய்ய ஆளில்லை. அதை எடுத்துவிட்டு, புதிதாக எழுதிய பகுதிக்கு மாற்றிவிடலாமா என்று மென்பொருளைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் வாக்கெடுப்பு வைத்தார்கள். அவர்களில் அபிநயா மட்டுமே அந்தக் கண்களால் பார்ப்பவள். வாக்களிக்கும் முன் புதியதைத் தன் கண்களில் ஏற்றிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல் மெல்ல ஊதாவாகியது. வானம் பாலாய் வெளுத்தது. மகள் வெண்பா கனவில் வருபவள்போல் மிதந்து வந்தாள்.

"எப்படிம்மா இருக்கேன்?"

"யாரோ பொண்ணு மாதிரி இருக்கடி."

வெண்பாவின் முகம் வாடியது. "அப்போ வேணாம்னு போடும்மா."

"பழசு ஒருநாள் நின்னுட்டா உன்னைப் பார்க்கவே முடியாதுடி. என்னை மாதிரி எத்தனை பேரு!"

மாற்றலாம் என்றே வாக்களித்தாள். பிறகு மகளை எதிரில் உட்காரவைத்துப் பேசச் சொன்னாள். மாலைக்குள் அந்தப் புது முகம், கொஞ்சம் கொஞ்சமாக, அந்தக் குரலுக்கு உரியதாயிற்று.