கை நனைக்காத அதிகாரி

"தண்ணி தெருவுலேர்ந்து உள்ள வருது சார். வந்த தண்ணி எப்படித் திரும்பிப் போகும்? கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறதுக்கு அது என்ன என் பொண்டாட்டியா?"

சொல்லிவிட்டு விடுதி மேனேஜர் தானே சிரித்தார். பக்கத்தில் நின்ற அவருடைய மச்சானும் சிரித்தான். பேச்சு தன் அக்காவைப் பற்றியது என்பது உறைத்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான். தண்ணீர் வாரியத்திலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் சிரிக்கவே இல்லை.

மாடிப்படிக்கு அடியில் குந்தியபடி அவர் பொறுமையாக விளக்கினார். தீயணைக்கும் சிவப்புக் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒரே இணைப்பிலிருந்துதான் பிரிகின்றன. சிவப்புக் குழாயில் தண்ணீர் வருஷக்கணக்கில் துருவோடு ஊறிக் கிடக்கிறது. தெருவில் அழுத்தம் குறைந்தால் அந்தக் கெட்ட தண்ணீர் பின்னால் வந்து குடிநீரில் கலந்துவிடும். அதைத் தடுக்க ஒரு வால்வு வேண்டும். வால்வு இல்லையென்றால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் மாதக் கடைசியில் விடுதிக்குப் பூட்டு.

ஒன்பது வருஷமாக இங்கே தீயே பிடித்ததில்லை என்று மேனேஜர் பெருமையாகச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அந்தக் குழாய்களைப் போட்டவன் மச்சான்தான். அவனைத் திட்டவும் முடியாது. திட்டினால் வீட்டில் பிடிக்கும் தீயை எந்த வண்டியும் வந்து அணைக்காது.

கடைசியில் மேனேஜர் டீ சொன்னார். டீ குடித்த அதிகாரி பாதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி என்பது அவருடைய அனுபவம். இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்றார். காபி? அதுவும் வேண்டாமாம்.

அடுத்த முறை அவர் வந்தபோது மேனேஜரின் மனைவியே எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டுக் கொண்டுவந்தாள். இன்ஸ்பெக்டர் கும்பிட்டு மறுத்துவிட்டார். மூன்றாம் முறை, நாலு மாடி ஏறி இறங்கிச் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து நின்றார். அப்போதும் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை.

மேனேஜருக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு அந்தப் பயமே மரியாதையாக மாறிவிட்டது. மூட்டையாக லஞ்சம் கேட்ட அதிகாரிகளை அவர் பார்த்திருக்கிறார். உதட்டைக்கூட நனைக்காத ஒருவரை இப்போதுதான் பார்க்கிறார். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அந்த மனிதரின் புகழைப் பாடினார்.

மச்சான் ஒரு யோசனையோடு வந்தான். பழைய வால்வு ஒன்று அவனிடம் கிடக்கிறதாம். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு. பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றான்.

போன மாதமாக இருந்தால் மேனேஜர் பெயிண்டுக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருப்பார்.

"அந்த மனுஷன் முகத்துல நான் எப்படி மச்சான் முழிப்பேன்? நம்ம இடத்துல கை நனைக்காத ஆளு. அவர்கிட்ட இந்தப் பித்தலாட்டம் வேண்டாம்."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மனைவியைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். அவள் தம்பியை ஒதுக்கிவிட்டு, வெளியாளை வைத்துப் புது வால்வு மாட்டினார். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. தாங்கிக்கொண்டார்.

நான்காம் முறை வந்த இன்ஸ்பெக்டர் முதலில் சிவப்புக் குழாயைத் திறந்துவிடச் சொன்னார். மை போலக் கறுப்பாகக் கொட்டிய தண்ணீரின் நாற்றத்தில் மச்சான் வாசலுக்கு ஓடினான். பிறகு வால்வில் மீட்டரைப் பொருத்திப் பத்து நிமிஷம் பார்த்தார். முள் அசையவில்லை; தண்ணீர் பின்னால் வரவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் கைகூப்பினார்.

"உங்களைப் பார்த்துத்தான் சார் நான் திருந்தினேன். இத்தனை தடவை வந்தீங்க, ஒரு வாய் தண்ணியைத் தொடலை. இப்படி ஒரு நேர்மையை நான் பார்த்ததே இல்லை."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"நேர்மையெல்லாம் ஒண்ணுமில்லைங்க, டீன்னா எனக்கு உசுரு. சர்க்கரை தூக்கலா ஒண்ணு சொல்லுங்க, இனிமே பயமில்லாம குடிக்கலாம். அந்தத் தண்ணியைப் பத்தி முதல் நாள் நான் சொன்னதை நீங்க யாரும் நம்பலை, நான் நம்பினேன்."