பாகோ

“நிறுத்து சந்திரா! யாரை ஏமாத்த இந்த நாடகம்?”

ஈஸ்வரன் போட்ட சத்தத்தில் ஆர்மோனியம் நின்றது. மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்த குணாவும் கையை எடுத்துக்கொண்டான்.

போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஹால். சுனாமி வந்து இருபது வருஷம் ஆகிறது என்று நாளை மறுநாள் இங்கே ஓர் இசை நாடகம். வசனம், பாட்டு, மெட்டு எல்லாமே ஈஸ்வரனின் மனைவி சந்திரமதிதான். தெற்கே இன்னொரு தீவிலிருக்கும் ஹட் பேயில் நாலு வயது மகள் கார்த்திகாவை அலைக்குப் பறிகொடுத்தவள். மாத்திரை போட்டும் வராத தூக்கம், இந்தப் பாட்டுகளைக் கட்ட ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு வந்தது.

அதனால்தான் ஈஸ்வரனும் இத்தனை நாள் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு அவளைக் கூட்டிப்போக வந்த இடத்தில், திரைக்குப் பின்னாலிருந்து வந்த பாட்டு காதில் விழுந்துவிட்டது. நாடகத்தில் வரும் கடைக்காரனின் பாட்டு.

‘ஓடு தங்கச்சி ஓடு! பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடு!’

“அந்தக் கடைக்காரன் அன்னைக்கு இப்படியா கத்துனான்? ‘பாகோ, பாகோ’ன்னு இந்தியில கத்துனான். நீதானே சொன்னே? நீ மெயின்லேண்டுல இருந்து வந்து பன்னெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு. ஓடச் சொல்றான்னு உனக்கு எப்படித் தெரியும்? எதையோ பாக்கச் சொல்றான்னு புள்ளையோட நின்னு கடலைப் பாத்தே!”

சந்திரமதி ஆர்மோனியத்தின் துருத்தியை மூடினாள்.

“அவனும் தமிழன்தானே? உங்கிட்ட தமிழ்ல பேசித்தானே அரிசி பருப்பு வித்தான்? அன்னைக்கு மட்டும் வாயில தமிழ் வரலையா? ஒரு வார்த்தை தமிழ்ல கத்தியிருந்தா எம்மக இன்னைக்கு இருபத்துநாலு வயசுப் பொண்ணு!”

குணா மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். “சார், சுத்தி பெங்காலிக்காரங்க, தெலுங்குக்காரங்க எல்லாம் இருந்திருப்பாங்க. இந்தின்னாதானே எல்லாருக்கும் புரியும்...”

“நீ சும்மா இருப்பா! போனது உன் புள்ளையா?”

நியாயமான கோபம்தான். அலை வந்த அன்று ஆபீஸ் வேலையாகப் போர்ட் பிளேரில் மாட்டிக்கொண்ட தகப்பன் அவர். இருபது வருஷமாக அந்தக் கடைக்காரன் பேரைக்கூட வீட்டில் எடுக்க விடாதவர்.

“அவன் செஞ்சதை மறைச்சு, நல்லவனாக்கி, அதுக்கு மெட்டு வேற போட்டிருக்கே. கார்த்திகா உன்னை மன்னிப்பாளா?”

அதைக் கேட்டதும் சந்திரமதி எழுந்தாள். மேடையில் ஏறித் திரையை விலக்கினாள்.

கையில் பாட்டுத் தாளோடு நூர்முகம்மது நின்றிருந்தார். ஹட் பேயில் கடை வைத்திருந்த அதே நூர்முகம்மது. தாடி முழுக்க நரைத்திருந்தது. அழுது அழுது கண் சிவந்திருந்தது.

“ஆறு நாளா பாடிப் பழகுறோம். அந்த வரி வந்தா அழுதுடறாரு” என்றாள் சந்திரமதி. “நடந்தது எனக்குத் தெரியாதாங்க? அந்த ஒரு வார்த்தையை அவரு ஒரு தடவையாச்சும் தமிழ்ல கத்தட்டும்.”